கடைசி வளைவில் வாணவேடிக்கை

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நடத்தி வைப்பது யார் என்று கேட்டால் ஐயர் என்பீர்கள், பாஸ்டர் என்பீர்கள். நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம். இப்போது நடத்தி வைப்பது போட்டோகிராபர். அவர் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளையின் கை உயரும். தாலியை அந்தரத்தில் பிடித்தபடி அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி காத்திருக்க வேண்டும். முகூர்த்தம் போகிறதே என்று யாராவது முனகினால், "செத்த நேரம் பொறுங்க, லைட் சரியில்ல" என்று ஓர் அதட்டல் வரும். முனகியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ராஜபாளையத்தில் இப்படி அதட்டுவதில் பெயர் பெற்றவர் வைகுண்டராஜ். அவருடைய ஸ்டுடியோவுக்கு அடுத்தது என் செருப்புக்கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களை நாடியை நிமிர்த்தச் சொல்லி அவர் போடும் சத்தத்தில், என் கடையில் செருப்பு போட்டுப் பார்க்கிறவர்களும் நாடியை நிமிர்த்திக்கொள்வார்கள்.

தேவதானத்தில் விவசாயம் பார்த்த குடும்பம் அவருடையது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு இங்கே ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். தொழிலைக் கற்றுக்கொண்டு தன் பெயரில் கடை போட்டார். உடம்பு வணங்கி உழைப்பார், குடி கிடையாது, சொன்ன நாளில் ஆல்பத்தைக் கொடுத்துவிடுவார். கடைசியாகச் சொன்னது இந்தத் தொழிலில் அதிசயம். கோளாறு ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷமாக ஊரே அவர் சொன்னபடி நின்று, சிரித்து, திரும்பி, மறுபடியும் செய்து காட்டியதில், நடப்பதெல்லாம் தன் கேமராவுக்காகத்தான் நடக்கிறது என்ற நினைப்பு அவருக்குள் ஊறிவிட்டது. ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பில், பால் பொங்கியது மங்கலாக விழுந்துவிட்டது என்று மறுபடியும் பால் வாங்கி வரச் சொன்னார். வீட்டுக்காரர்களும் வாங்கி வந்து இரண்டாம் தடவை பொங்க வைத்தார்கள். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்வது?

போன தை மாதம், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் பின்னால் கார் பந்தயம் வைத்தார்கள். மில் முதலாளியின் மகனுக்குப் பஞ்சைவிடப் பந்தயக் காரில்தான் ஆசை. தரிசு நிலத்தைச் சமன்படுத்தித் தார் போட்டார். வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கினார். சுற்றிலும் பெரிய பெரிய விளக்குகளை நட்டார். பந்தயம் இருட்டிய பிறகுதான். முதல் கார் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வாணவேடிக்கை. கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஓட்டுகிறவர்கள் வருவதாக இரண்டு ஊர் சுவர்களிலும் போஸ்டர் ஒட்டியிருந்தது.

சின்ன முதலாளி வைகுண்டராஜை வரச்சொல்லி ஒரே ஒரு படம்தான் கேட்டார். கீழே ஜெயித்த கார், மேலே வானம் நிறைய வாணம், இரண்டும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

"ஒட்டு வேலை கூடாது அண்ணாச்சி. நெசமான படமா வேணும்" என்றாராம்.

அது வைகுண்டராஜுக்குச் சுருக்கென்று தைத்தது, ஆசையாகவும் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேல் நிலாவை ஒட்டி, பின்னால் பனிமலையை ஒட்டிப் பிழைக்கிறவர் அவர். நிஜமான படம் கேட்டு யாரும் அவரிடம் வந்ததில்லை. அந்த வாரம் முழுக்க மொபைலில் பார்த்துப் பார்த்துப் படித்தார். இருட்டிய பிறகு மதுரை ரோட்டு ஓரத்தில் ஸ்டாண்டை நட்டு, போகிற லாரிகளைப் பிடித்தார். ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்தால் லாரி மறைந்துபோய் அதன் பின்விளக்கு மட்டும் சிவப்பு நூலாக நீண்டு நிற்கும். அதை என்னிடம் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, முதல் சம்பளம் வாங்கியவன் முகம்.

வாணம் விடும் வேலை பொன்னுராஜுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோயில் கொடை, சர்ச் சப்பரம், கல்யாணம் என்று வ. புதுப்பட்டியிலிருந்து சேத்தூர் வரைக்கும் எங்கே வானத்தில் பூ விரிந்தாலும் கீழே வாணக் குழாய்களுக்கு நடுவில் அவர் நிற்பார். அவருடைய மகள் கார்த்திகாவின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது வைகுண்டராஜ்தான். அந்த மரியாதை வைகுண்டராஜ் மேல் பொன்னுராஜுக்கு எப்போதும் உண்டு.

பந்தயத்தன்று சாயங்காலம், குழாய்களை மண்ணில் நட்டுக்கொண்டிருந்த பொன்னுராஜிடம் வைகுண்டராஜ் ஒரு சின்ன லைட்டோடு போனார்.

"ஏலே பொன்னுராசு, நீ பத்த வச்சு, மேல போய் விரிய எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுங்க. அம்புட்டுதான் அண்ணாச்சி."

"அப்ப கார் கோட்டைத் தாண்டி, பந்தயக்காரங்க டென்ட்ல இருக்கவன் வாக்கிடாக்கியில சொல்லி, நீ பத்த வச்சு, அது விரியுததுக்குள்ள கார் சங்கரன்கோவில் போயிருமே."

"அதுக்கு என்ன செய்ய? டென்ட்ல சொன்னாத்தான் விடணும்னு மொதலாளி சொல்லிருக்காரு."

"நான் கோட்டுக்கிட்ட நிப்பேன். முதல் கார் கடைசி வளைவு திரும்புனதும் இந்த லைட்டைத் தூக்கிக் காட்டுதேன். நீ அதைப் பார்த்துப் பத்த வை."

பொன்னுராஜ் தலையைச் சொறிந்தார். "இங்கன மில்லுச் சுவரு மறைக்கி அண்ணாச்சி. எனக்கு வளைவு தெரியாது. உங்க லைட்டு மட்டுந்தான் தெரியும்."

"நான் பார்க்குதேன்ல? உனக்கு எதுக்குலே வளைவு?"

இதற்கு மேல் பொன்னுராஜ் என்ன சொல்வார்? முகூர்த்தத்தையே நிறுத்தி வைக்கிற மனுஷர் சொல்கிறார். சரி என்று தலையாட்டினார்.

கூட்டம் அள்ளிவிட்டது. இரண்டு ஊர் ஜனமும் மில்லுக்குப் பின்னால்தான் நின்றது. வெளியூர் ஓட்டுநர்களுக்கு நடுவில் நம்மூர்ப் பையன் ஒருவனும் இருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சதீஷ். பழைய கார் ஒன்றைத் தானே பிரித்துத் தானே பூட்டி, வெள்ளை அடித்துக்கொண்டு வந்திருந்தான். பாதிப் பந்தயத்துக்கு மேல் அந்த வெள்ளைக் கார் முன்னால் வந்துவிட்டது. ஜனம் விசில் அடித்த அடியில் பாட்டுச் சத்தமே கேட்கவில்லையாம்.

வைகுண்டராஜ் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நட்டிருந்தார். படச்சட்டத்தின் கீழ் ஓரத்தில் ரோடும் அதன் கடைசி வளைவும் வரும். மேலே முக்கால் பங்கு வெறும் வானம். வலது கையில் ஷட்டரை அமுக்கும் ரிமோட், இடது கையில் அந்தச் சின்ன லைட். கண் மட்டும் வானத்துக்கும் கேமராத் திரைக்குமாக அலைந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்று என்று மைக்கில் கத்தினார்கள். வளைவில் ஹெட்லைட் வெளிச்சம் சர்ரென்று ஒரு பெரிய வட்டம் அடித்தது. கார் திரும்பிவிட்டது என்று நினைத்தார். லைட்டைத் தூக்கிவிட்டார்.

கார் திரும்பவில்லை, உருண்டது. முன்டயர் வெடித்து, அடுக்கிய டயர்களின் மேல் ஏறித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. உருளும் காரின் வெளிச்சத்தைத்தான் அவர் திரும்புகிற காரின் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டார். தலையைத் திருப்பி ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

மில்லுச் சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுராஜ் லைட்டைப் பார்த்தார், பற்ற வைத்தார். திரி ஒன்றோடொன்று கோத்தது. ஒரு தடவை பிடித்தால் கடைசிக் குழாய் வரைக்கும் போய்த்தான் நிற்கும். வானம் பச்சையும் சிவப்புமாக விரிந்தது. வளைவு தூரத்தில் இருந்ததால் கோட்டுப் பக்கம் நின்ற ஜனத்துக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாணம் வந்துவிட்டதா, அப்படியானால் யாரோ ஜெயித்தாயிற்று. ஆரவாரம் கிளம்பியது. பாட்டுப் போடுகிறவன் சத்தத்தைக் கூட்டினான். வளைவில் பின்னால் வந்த கார்களை நிறுத்திவிட்டு நாலு பேர் சதீஷைக் கண்ணாடி வழியாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஹாரன் அடிக்கிறது, வழிவிட ஆளில்லை, எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

வைகுண்டராஜ் அமுக்கிக்கொண்டே இருந்தார். அவரே பின்னால் என்னிடம் சொன்னது இது: "என் வாழ்க்கையில அம்புட்டுச் சந்தோஷமா நான் படம் எடுத்ததே இல்ல." கார் ஏன் இன்னும் கோட்டுக்கு வரவில்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. வாணம் ஓய்ந்து, புகை இறங்க ஆரம்பித்த பிறகுதான் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கீழ் ஓரத்தில் சக்கரம் மேலாக ஒரு வெள்ளைக் கார். அதைச் சுற்றிக் குனிந்திருந்த ஆட்களின் முதுகில் பச்சை வெளிச்சம்.

ஆம்புலன்ஸ் போனதும் சின்ன முதலாளி ஓடி வந்தார். பொன்னுராஜைக் கோட்டுப் பக்கம் கூட்டிவரச் செய்து, அத்தனை ஜனத்துக்கும் முன்னால் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாருலே உன்னையப் பத்த வைக்கச் சொன்னது? டென்ட்ல இருந்து சொன்னாங்களா? ஒரு உசிரு அங்கன துடிக்கி, நீ வேட்டு விட்டுக் கொண்டாடுதியா?"

பொன்னுராஜ் ஒரு தடவை தலையைத் திருப்பினார். கைக்கு எட்டும் தூரத்தில் வைகுண்டராஜ் ஸ்டாண்டின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கிய காலைத் திரும்ப நீட்டினார், மறுபடி மடக்கினார். அவர் வாயைத் திறப்பார் என்று பொன்னுராஜ் காத்திருந்திருக்க வேண்டும். வைகுண்டராஜ் திறக்கவில்லை. பொன்னுராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சு மொதலாளி" என்றார்.

பையன் பிழைத்துக்கொண்டான். இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கார் உருண்டதற்கும் வாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கார் கவிழ்வதும் மேலே வாணம் விரிவதுமாக எவனோ எடுத்த வீடியோ மொபைல் மொபைலாகப் போனது. "எங்க வீட்டு எழவுக்கும் வந்து ரெண்டு விடுலே" என்று பொன்னுராஜை டீக்கடையில் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொடைக்குச் சொல்லி வைத்திருந்த வ. புதுப்பட்டிக்காரர்கள் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார்கள். தேவதானத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "அபசகுனம்னு சொல்லுதாங்கப்பா, தப்பா நினைக்காத" என்றார்களாம். ஒரு மாதத்தில் அவருக்குத் தொழில் இல்லை. ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போனார்.

இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அதட்டல் நின்றுபோயிருந்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் நாடியை எப்படி வைத்திருந்தாலும் அப்படியே எடுத்து அனுப்பினார். மில்லிலிருந்து படம் கேட்டதற்கு, கார்டு கெட்டுப்போய்விட்டது என்றார். கெடவில்லை. எங்கே எடுத்து வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடுத்துப் பார்ப்பார். படம் நன்றாக இருந்தது. அதுதான் அவரை அறுத்தது. எடுத்ததிலேயே நல்ல படம் அது. அதைப் பார்க்கப் பார்க்கத் தன் மேலேயே அருவருப்பு வந்தது என்றார்.

வீட்டில் அதைவிட மோசம். அவர் மனைவி ஜெயசித்ரா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். பொன்னுராஜ் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. அங்கிருந்து வரும் செய்தியைச் சோறு போடும்போது சொல்வார்.

"அந்தப் பையனோட அம்மா ஆனந்தவல்லி இருக்காள்ல, மாவு அரைச்சு விக்கிறவ, அவளும் பொன்னுராசும் ஒரே தெருவாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ நேரா அவன் வாசல்ல போய் நின்னு மண்ணை வாரித் தூத்திட்டாளாம். 'எம் பிள்ளை விழுந்ததுக்கு வேட்டு விட்ட கை வெளங்காமப் போகும்'னு."

வைகுண்டராஜின் கை சோற்றில் நின்றது.

"அவனுக்கு வேணும். அறிவு வேண்டாமா ஒரு மனுசனுக்கு? ஏன், குழம்பு உறைக்கா?"

"இல்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஏச்சுக்குப் பயப்படாதவன் உண்டு, போலீசுக்குப் பயப்படாதவனும் உண்டு. வயிறெரிந்த ஒருத்தி வாசலில் மண்ணை வாரித் தூற்றினால் பயப்படாதவன் கிடையாது. அந்த வாசலில் நல்ல காரியத்துக்குக் கால் வைக்க ஆளுகள் யோசிப்பார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? தூக்கிய கை இவருடையது, மண் விழுந்தது பொன்னுராஜ் வாசலில். அன்று இரவு தன் இடது கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னார். பயம் ஒரு பக்கம் இருந்தது. மண் தன் வாசலில் விழவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அதிகமாக வெட்கப்பட்டார்.

வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். படம் எடுக்க வைகுண்டராஜ் போயிருந்தார். தாலி கட்டும் நேரம் எல்லாரும் வழக்கம்போல இவர் முகத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நின்றான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணின் அத்தைக்காரிதான் பொறுக்கமாட்டாமல், "அண்ணாச்சி, இப்ப கட்டலாமா?" என்று கேட்டார்.

"கட்டுங்கம்மா. எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?" என்றார் வைகுண்டராஜ். குரல் உடைந்துவிட்டது. கேமராக்காரர் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து நாலு பேர் மெச்சிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், ஜக்கைப் பிடித்துக்கொண்டு பொன்னுராஜ் நிற்கிறார். லோடு வேலை இல்லாத நாளில் சமையல்காரரோடு பரிமாற வருகிறாராம். சுண்ணாம்புக்கல் சுமந்து தோளில் தோல் உரிந்திருந்தது. வெளியே தாலி கட்டியதற்காக வேறு ஊர் ஆள் வெடி கொளுத்திக்கொண்டிருந்தான்.

"தண்ணி ஊத்தட்டுமா அண்ணாச்சி?"

அந்தக் குரலில் குத்தலும் கோபமும் கொஞ்சம்கூட இல்லை என்பதை வைகுண்டராஜ் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். இருந்திருந்தால் தாங்கியிருப்பாராம். டம்ளரை எடுத்து நீட்டினார். பொன்னுராஜ் ஊற்றிய தண்ணீரை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். சாப்பிடாமல் எழுந்தார். கேமராவை உதவிக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, நேராக ஆனந்தவல்லியின் வீட்டுக்கு நடந்தார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் நடந்தார்.

ஆனந்தவல்லி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். உள் அறையில் கட்டிலில் சதீஷ் தூங்கிக்கொண்டிருந்தான். வைகுண்டராஜ் உட்காரவில்லை. வாசல்படியில் நின்றபடியே சொன்னார். படத்துக்காகத் தான் செய்த ஏற்பாடு, மில்லுச் சுவர் மறைத்தது, உருண்ட வெளிச்சத்தைத் திரும்பும் வெளிச்சம் என்று நினைத்தது, லைட்டைத் தூக்கியது, அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறக்காமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னார்.

"பொன்னுராசு மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் என் லைட்டைத்தான் பார்த்தான். நீங்க தூத்துன மண்ணு எனக்கு விழ வேண்டியது."

ஆனந்தவல்லி ஏசுவார், சத்தம் போட்டுத் தெருவைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனந்தவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் பந்தயத்துக்கு வரல. எனக்குப் பார்க்கப் பயம்" என்றார் மெதுவாக. "மாடியில நின்னேன். தெருப் பொம்பளைக எல்லாம் எங்கூட நின்னாளுக. சதீசுதான் முன்னால போறான்னு அக்கா மகன் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தான். அப்புறம் வாணம் கிளம்புச்சு. எம் பிள்ளை ஜெயிச்சிட்டான்னு நினைச்சேன். அவன் அங்கன தலைகீழாக் கிடக்கான், நான் இங்கன மாடியில நின்னு குலவை போட்டேன் அண்ணாச்சி. வாணம் தீர்ற வரைக்கும் போட்டேன். தெருவே கேட்டுச்சு."

வைகுண்டராஜ் உள் அறைக் கட்டிலைப் பார்த்தார்.

"பிள்ளை பிழைச்சிட்டான்னு டாக்டர் சொன்ன பொறவும் அந்தக் குலவைச் சத்தம் என் காதை விட்டுப் போகல. தெருவுல ஒருத்தி முகத்தைப் பார்க்க முடியல. அந்த வெக்கத்தை எங்க கொண்டு போய்க் கொட்ட? பொன்னுராசு வாசல்ல கொட்டுனேன்."

பிறகு ஆனந்தவல்லி எழுந்து, ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். மூலையில் கிடந்த விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டார். "வாங்க" என்றார்.

பொன்னுராஜ் வீடு நாலு வீடு தள்ளி. கதவு பாதி சாத்தியிருந்தது. ஆனந்தவல்லி அந்த வாசலைப் பெருக்க ஆரம்பித்தார். தூற்றிய மண் மூன்று மாதத்துக்கு முந்தியது; அது காற்றோடும் வண்டியோடும் எப்போதோ போயிருக்கும். இருந்தாலும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கினார். வைகுண்டராஜ் விளக்குமாற்றை வாங்கக் கை நீட்டினார். "நீங்க நில்லுங்க" என்றார் ஆனந்தவல்லி. எதிர்வீட்டில் ஒருத்தி வெளியே வந்தாள், அப்புறம் இன்னொருத்தி, பைக்கில் போன ஆள் ஒருவர் நிறுத்திக் காலை ஊன்றினார். வைகுண்டராஜ் தெரு நடுவில் வெறுங்கையோடு நின்றார்.

சத்தம் கேட்டுப் பொன்னுராஜின் மனைவி வெங்கடேஸ்வரி கதவைத் திறந்தார். மூன்று மாதமாக இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சுக் கிடையாது. ஆனந்தவல்லி வாசலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"வெங்கடேசு, உம் புருசன் மேல பழி இல்ல. லைட்டைத் தூக்கிக் காட்டுனது இவரு. இப்ப வந்து சொல்லுதாரு. நான் ஆத்தாமையில தப்பான வாசல்ல தூத்திட்டேன் தாயி. என்னைய ஏசணும்னா ஏசு."

வெங்கடேஸ்வரி ஆனந்தவல்லியை ஏசவில்லை. படியிறங்கி வந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு வைகுண்டராஜைப் பார்த்தார். மகள் கல்யாணத்தில் இதே மனுஷர் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்று சிரித்தவர்தான் அவர்.

"அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாலயும் எங்க வீட்டுக்காரவியளச் சட்டையப் புடிச்சு ஏசும்போது நீங்க எங்கன நின்னீங்க?"

தெருவில் நின்ற அத்தனை பேரும் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"பக்கத்துலதாம்மா நின்னேன்" என்றார் வைகுண்டராஜ்.